பூனைவயிற்று இலை

கஷாயப் பாத்திரத்தைத் தங்கை கவிழ்த்ததும், வெந்த இலைகள் சொத்தென்று தொட்டியில் விழுந்தன. அடுத்த அறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். ராத்திரியெல்லாம் வாந்தி, விடியும்போது உயிர் போய்விட்டது. இருமல்தான் கொண்டுபோய்விட்டது என்றார்கள் வந்தவர்கள். தங்கையும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

தொட்டியை அடைத்த இலைகளை அள்ளும்போது விரல் வழுக்கியது.

பனி கொட்டினாலும் பச்சை மாறாத மலைப் புதர் அது. தோல்போல் தடித்த, ஓரம் உள்ளே சுருண்ட இலை. இருமல் கஷாயத்துக்கு வருஷா வருஷம் அக்காதான் பறித்து வருவாள். ஒவ்வொரு கிளையிலும் ஓர் இலையைத் திருப்பிக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள். அடிப்பக்கம் துருநிறத்தில் பஞ்சு படர்ந்திருக்க வேண்டும்.

"பூனைக்குட்டி வயிறுடி இது. பக்கத்துலயே இன்னொண்ணு நிக்கும், அதே உயரம், அதே பச்சை. அடியில வழவழன்னு இருந்தா அது பங்காளி. ஆளையே தீத்துடும்" என்பாள்.

வேகும்போது பஞ்சு போயிருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, ஆணியில் தொங்கிய பச்சைக் கொத்தை எடுத்துத் திருப்பினாள். அத்தனையும் வழவழ.

"என்ன தேடுற?"

அத்தான் கதவருகே நின்றார். ரோப்கார் மெக்கானிக். கிரீஸ் படிந்த கையுறைகள் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தன.

"இது யாரு பறிச்சது அத்தான்?"

"நான்தான். அவளால எழுந்திருக்க முடியலையே. நேத்து டியூட்டி முடிஞ்சு வர்றப்ப பறிச்சேன். கல்யாணத்துக்கே தப்பான சைஸ்ல சட்டை வாங்குன ஆளுன்னு சொல்லிச் சொல்லிக் காட்டுவா. நேத்து அதிசயமா ஒரு குறையும் சொல்லாம குடிச்சா."

"கையுறையோடயா பறிச்சீங்க?"

"பின்ன, அந்தக் குளிர்ல? உங்கக்கா மாதிரி கன்னத்துல வெச்சுக் கொஞ்சிட்டு நிக்கவா?"

அவள் கொத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இவருக்கு இது தெரியவே கூடாது. தெரிந்தால் மீதி ஆயுசை இந்த மனுஷன் எப்படித் தள்ளுவார்?

அத்தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உதட்டோரம் எச்சில் வழிந்தது.

"தூக்கமில்ல பாரு, தலை சுத்துது. கையெல்லாம் மரத்துப்போகுது. அவ மிச்சம் வெச்சதைக் காலையில நான் குடிச்சேன். வீணாக்கினா அவளுக்குப் பிடிக்காது."

உள்ளே யாரோ செருமினார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஷூவை மாட்டுங்க அத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அவளை இப்படிப் போட்டுட்டா? எதுக்கு?"

டாக்டர் கேட்டால் காட்ட இலை வேண்டும். மறைத்த கையை அவள் மெல்ல முன்னால் கொண்டு வந்தாள்.

அத்தான் கொத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளித் திருப்பி, கன்னத்தில் வைத்துத் தேய்த்தார்.

சவரம் செய்யாத தாடி மட்டும் சரசரத்தது.