ருசிக்காரியின் வயிறு

பால் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதுமே ருசிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தயிர்த் தொழிற்சாலையில் பாலையும் தயிரையும் ருசி பார்ப்பது அவள் வேலை. அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. வண்டிக்காரர் நீட்டும் பாலை எல்லார் முன்னாலும் ஒரு வாய் விழுங்க வேண்டும். விழுங்கினால் பால் உள்ளே போகும். துப்பினால் வண்டி வந்த வழியே திரும்பும். அங்கே அதுதான் வழக்கம். தயிரையும் அவள் ருசி பார்த்து, உறைந்தது போதும் என்ற பிறகுதான் எடுப்பார்கள்.

அந்த ஒரு வாய்தான், கண்ணுகளா, கொஞ்ச காலமாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. "பால்ல இருக்கற சர்க்கரை உங்களுக்குச் செரிக்கலம்மா. பாலை விட்டுடுங்க. நல்லா உறைஞ்ச தயிர்ல அது குறைஞ்சிருக்கும், கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க" என்றிருந்தார் டாக்டர். பாலை விட்டால் பிழைப்பையும் விட்ட மாதிரிதானே? இதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள் அவள். தயிராவது வயிற்றில் தங்கட்டும் என்று, "இன்னும் கொஞ்சம் உறையட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அதைப் புளிக்க விட்டாள்.

இன்று கடைகளிலிருந்து, புளிக்கிறதென்று தயிர்ப் பெட்டிகள் திரும்பி வந்து வாசலை அடைத்துக் கிடந்தன. மேலாளர் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"உன் நாக்குக்கு என்னம்மா ஆச்சு? வேற ஆளைப் பாக்கவா?"

துடைத்த கையையே அவள் மறுபடி துடைத்தாள்.

"சீக்கிரம்க்கா" என்று வண்டிக்காரர் குவளையை நீட்டினார்.

வாயில் வாங்கினாள். நல்ல பால். ஆனாலும் விழுங்கினால் வயிறு தாங்காது. சட்டென்று திரும்பித் தொட்டியில் துப்பிவிட்டாள்.

வண்டிக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. "என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்கக்கா."

"பால் தங்கம்யா. இறக்கு. என் வயிறுதான் கெட்டுக் கிடக்கு" என்றாள். திறந்த வாய் மூடவில்லை. தயிர் புளித்த கதையும் கூடவே வந்துவிட்டது.

"அப்ப ஊரே புளிச்ச தயிரைத் தின்னது உன் வயித்துக்காகவா?" என்றார் மேலாளர்.

"ஆமா சார்."

பெட்டி அடுக்குகிறவள் சிரித்துவிட்டாள். "அக்காவுக்குப் பல்வலி வரலையேன்னு சந்தோஷப்படுங்க சார். தயிரைத் தண்ணியாவே விட்டிருப்பாங்க."

மேலாளர் சிரிக்கவில்லை. குவளையில் மீந்ததைக் குடித்துச் சப்புக்கொட்டினார்.

"நாக்கு சரியாத்தான் இருக்கு. இனிமே துப்பிட்டு, நல்லதா கெட்டதான்னு வாயால சொல்லு. ஆனா இன்னொரு தடவை பெட்டி திரும்பிச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அவள் தயிர் உறையும் அறைக்கு ஓடினாள். தயிர் பதமாய், அசையாமல் நின்றது. ஒரு கரண்டி வாயில் வைத்தாள். புளிப்பேறாத இளந்தயிர். "எடுங்க" என்று கையைக் காட்டினாள். புளிக்காத தயிரில் அந்தச் சர்க்கரை இன்னும் இருக்கும், இதையும் துப்பத்தான் வேண்டும். நல்ல தயிரைத் துப்பிப் பழகாத வாய், மூடிக்கொண்டே நின்றது.