கவிழ்த்த தாச்சிகள்

விடிவதற்குள் பிறிஜெற்றின் கைகள் இரண்டும் வெந்துபோயிருந்தன. ஈரச் சீமெந்து தோலைத் தின்னும். முதலில் அரிக்கும், பிறகு எரியும், பிறகு நகக்கண் வெடித்து இரத்தம் கசியும். அதற்காக யாரும் இரும்புத் தாச்சியைக் கீழே வைப்பதில்லை. கொங்கிறீற்று நிரம்பிய தாச்சி கைக்கு வந்ததும் இடுப்பைத் திருப்பி அடுத்த கைக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்து முடிக்குமுன் வெறுந்தாச்சி மறுபக்கத்திலிருந்து திரும்பி வரும். ஒரு கை பிந்தினால் முழு வரிசையும் பிந்தும். வரிசை பிந்தினால் கொந்தராத்துக்காரர் இராசரத்தினத்தின் வாயிலிருந்து அவர்களைப் பெற்றவர்களும் தப்பமாட்டார்கள்.

கொழும்புக் கொட்டாஞ்சேனையின் அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் லொறி நுழையாது. ஒழுங்கை தொடங்கும் இடத்தில், மாதா சுரூபம் இருக்கும் முடக்கில், வயிற்று உருளையைச் சுழற்றிக்கொண்டு அது நின்றது. அங்கிருந்து சிவபாதசுந்தரத்தின் பின்வளவு வரைக்கும் மனிதர்களே பாதை.

சிவபாதசுந்தரம் வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பின்வளவில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடப் போகிறார். அதன் கூரைச் சிலாப்புக்கு மூன்று கன மீற்றர் கொங்கிறீற்று போதும். இந்தச் சின்ன அளவுக்கு லொறி அனுப்ப எந்தக் கம்பனிக்கும் மனமில்லை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கதைத்து, கடைசியில் ஒரு கம்பனி இறங்கி வந்தது. விடியமுன் வருவோம், பள்ளிக்கூட வாகனங்கள் வீதிக்கு வருமுன் கொட்டி முடியுங்கள், இல்லாவிட்டால் மிச்சத்தோடு லொறி திரும்பிவிடும் என்றார்கள். வீட்டுக்காரருக்கு அவசரம் வந்தது. அது கொந்தராத்துக்காரருக்குத் தொற்றியது. அதைச் சுமக்க வேண்டியவர்கள் எப்போதும்போல் தாச்சிக்காரர்கள்தான்.

லொறி வருமுன்னே ஒன்று நடந்தது. கொம்பனித்தெருப் பஸீர் பலகை அடிப்பவன். சிலாப் போடும்போது கீழே நின்று, பலகையைத் தாங்கும் முட்டுக்கால்களைக் கவனித்து, தளர்கிற இடத்தில் ஆப்பு இறுக்குவது அவன் பொறுப்பு. பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தாச்சியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தப் போனான். பிறிஜெற் அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"விசரா உனக்கு? சிலாப் போடமுந்தி தாச்சியக் கவுக்கிறாய்!"

"நித்திர மயக்கம் அக்கா. கோவிக்காதீங்க."

சும்மா ஏசவில்லை அவள். கடைசித் தாச்சி மேலே போன பிறகு, எல்லாவற்றையும் கழுவி, சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்துவிட்டுத்தான் கொங்கிறீற்று வேலைக்காரர்கள் சோற்றில் கை வைப்பார்கள். இடையில் ஒன்றைக் கவிழ்த்தாலும் சிலாப் வெடிக்கும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். எவ்வளவு களைத்தாலும் தாச்சி வாய் மேலே பார்த்துத்தான் கிடக்கும்.

பஸீர் பின்வளவுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணன், முட்டுக்கால் பாதியக் காணோமே! நேத்து நான் அடிச்சதெல்லாம் எங்க?"

"வெள்ளவத்தை வேலைக்கு ஏத்தினனான்," என்றார் இராசரத்தினம். "அங்கையும் பலகை அடிக்க வேணும். நிக்கிறது காணும், வேற தேவையில்லை."

"காணாது அண்ணன். பாரம் ஏறினா கீழ ஆள் நிக்கேலா."

"பயமெண்டா வீட்ட போ. சந்தியில உன்னைப்போல பத்துப் பேர் நிக்கிறாங்கள்."

எல்லோருக்கும் கேட்டது. வரிசையில் தன்னிடமிருந்து தாச்சி வாங்கும் முர்ஷித்தைப் பிறிஜெற் பார்த்தாள். அவன் சாரத்தில் ஏறத் தொடங்கினான். சந்தியில் நிற்கும் அந்தப் பத்துப் பேரையும் அவர்களுக்குத் தெரியும். போன கிழமை அங்கே நின்றவர்கள் அவர்களேதான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஸீர் சுத்தியலை எடுத்துக்கொண்டு தனியே கீழே போனான்.

சிலாப்பில் பாதி நிரம்பியிருந்தது. சாரத்தில் நின்ற பிறிஜெற், மேலே நின்ற முர்ஷித்திடம் தாச்சியை உயர்த்தினாள். அவன் கை நீட்டவில்லை. அவனுடைய காலுக்குக் கீழே மரம் முறிந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு பக்கப் பலகை முழுவதும் உள்ளே சரிந்தது. கம்பி வலை வளைந்து தொங்க, சாம்பல் நிறச் சேறு அந்த ஓட்டைக்குள் ஊற்றுப்பட்டது. முர்ஷித் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். உள்ளங்கை கிழிந்து இரத்தம் முழங்கை வரை வழிந்தது.

கீழேயிருந்து பஸீரின் அலறல் வந்தது. ஒரேயொரு முறைதான்.

பிறிஜெற் சாரத்திலிருந்து குதித்தாள். சுவருக்கும் சரிந்த பலகைக்கும் இடையில் அகப்பட்டு, பஸீர் நெஞ்சுவரை கொங்கிறீற்றுக்குள் நின்றான். அவனுடைய இடது தொடையை முறிந்த முட்டுக்கால் ஒன்று துளைத்து, மறுபக்கம் வந்திருந்தது. சேற்றில் செம்மை கலந்து பரவிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து இன்னமும் வழிந்துகொண்டிருந்தது.

"மூச்சு ஏலா அக்கா... நெஞ்ச அமத்துது..."

"நிப்பாட்டுங்க!" என்று அவள் கத்தினாள். "எல்லாத்தையும் நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டாதேங்கோ!" மாடி விறாந்தையிலிருந்து சிவபாதசுந்தரம் குரல் கொடுத்தார். "இடையில விட்டா சிலாப்பில பொருத்து விழும். பிறகு மழைத்தண்ணி ஒழுகும்."

இராசரத்தினம் வரிசையின் பக்கம் திரும்பினார். "அந்தப் பாதிய விடுங்கோ. நிக்கிற பாதிக்குக் கொட்டுங்கோ. ரெண்டு பேர் அவனைத் தோண்டி எடுங்கோ. லொறி காயுது, கெதியா!"

இதைச் சொன்னவரும் ஒரு தாய் பெற்ற மனிதர்தான். ஒரு பாதியில் உயிர் புதைந்துகொண்டிருக்க, மறுபாதியில் கூரை வளரவேண்டும் அவருக்கு.

நிரம்பிய தாச்சியொன்று பழக்கத்தில் பிறிஜெற்றின் கைக்கு வந்தது. அவள் அதைப் பார்த்தாள். நிலத்தில் கொட்டினாள். பின்பு வெறுந்தாச்சியைத் தலைகீழாகப் போட்டு, அதன்மேல் காலை வைத்தாள். வரிசை முழுவதும் அப்படியே நின்றது.

"மூதேவி!" இராசரத்தினம் கொங்கிறீற்று அள்ளும் சவளின் பிடியால் அவளுடைய நெற்றியில் அடித்தார். புருவம் பிளந்து, இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இரண்டாவது அடியை ஓங்குமுன், கம்பியிலிருந்து இறங்கி வந்திருந்த முர்ஷித் பாய்ந்து சவளைப் பிடித்தான். கிழிந்த கையாலேயே முகத்தில் ஒன்று விட்டான். இராசரத்தினம் மணற்குவியலில் விழுந்து, உடைந்த பல்லைத் துப்பினார்.

"கேற்றைப் பூட்டு!" என்றார் சிவபாதசுந்தரம். "அக்கம்பக்கம் பாக்குது." தானே இறங்கி வந்து பூட்டும் போட்டார். இப்போது வரிசையில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் ஒழுங்கையில்.

"பஸீர் கீழ அம்பிட்டுட்டான்! கேற்றத் திறங்க!" வெளியே நின்றவர்கள் கேற்றில் அறைந்தார்கள். சத்தம் கேட்டு முடக்கிலிருந்து லொறிச் சாரதி சமிந்த ஓடிவந்தான். கம்பஹாச் சிங்களவன், தமிழ் அரைகுறை. கம்பியிடைவெளியால் எட்டிப் பார்த்தவன் ஒன்றும் கேட்கவில்லை. லொறிக்குத் திரும்பி ஓடி, கொங்கிறீற்று வழியும் பீலியை அடைத்துவிட்டு, இரும்பு அலவாங்கோடு வந்தான். இரண்டே இறுக்கில் பூட்டுத் தெறித்தது.

"அக்கே, ஆள் உசிரா?"

"உசிர்தான் மல்லி," அவனுடைய மொழியிலேயே தம்பி என்றாள் பிறிஜெற். "கெதியா!"

அதன் பிறகு யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே வரிசை திரும்பியது. உள்ளே போன கொங்கிறீற்று தாச்சி தாச்சியாக வெளியே வந்தது. அயல் வீட்டுப் பெண்கள் வரிசைக்குள் புகுந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்தார்கள். கொங்கிறீற்று வெளியே, தண்ணீர் உள்ளே. கண்ணுக்குள் வந்த இரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு பிறிஜெற் வெறுங்கையால் தோண்டினாள். பஸீரின் நெஞ்சு தெரிந்தது, பிறகு வயிறு. தொடையில் பாய்ந்திருந்த மரத்தை இழுக்காமல், இரு பக்கமும் மரம் அறுக்கும் வாளால் அறுத்தார்கள். வாளின் ஒவ்வோர் இழுப்புக்கும் அவன் பிறிஜெற்றின் தோளைக் கடித்தான். அவள் கடிக்க விட்டாள்.

கதவுப் பலகையில் அவனைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றும்போது இராசரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டு கிட்ட வந்தார்.

"பெரியாஸ்பத்திரியில கேட்டா, வீட்டுக் கூரையில ஏறி விழுந்தவன் எண்டு சொல்லுங்கோ. செலவை நான் பாக்கிறன். இங்க விழுந்ததெண்டு வாய் திறந்தா, ஒருத்தருக்கும் கொழும்பில வேலை இல்லை."

"தம்பியவை, வீணா கேஸ் கீஸ் எண்டு போகாதேங்கோ," என்றார் சிவபாதசுந்தரம். "எல்லாரும் எங்கட ஆக்கள்தானே."

"எங்கட ஆக்களோ?" பிறிஜெற்றுக்குச் சிரிப்பு வந்தது. "கேற்றப் பூட்டக்குள்ள நாங்க யாருட ஆக்கள் ஐயா?"

அவர் குனிந்து, தெறித்துக் கிடந்த பூட்டை எடுத்தார்.

"விடிய அவன் முட்டுக்கால் காணாதெண்டு சொன்னான்," அவள் வரிசையின் பக்கம் திரும்பினாள். "எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தரும் கதைக்கல்ல. நானும் கதைக்கல்ல. கதைச்சிருந்தா அவன் தனியக் கீழ போயிருக்கமாட்டான். இனி என்ன செய்யப் போறம்?"

திரீவீலில் பஸீரை ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்ட முர்ஷித் சொன்னான்: "ஆஸ்பத்திரியில நான் உள்ளதத்தான் சொல்லுவன். பொலிஸ்லயும் சொல்லுவன். நீங்க யாராவது மாத்திச் சொன்னா இவன்ட கால் சும்மா போகும்."

"மாத்த மாட்டம்," என்று ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள்.

திரீவீல் முடக்குத் தாண்டியதும் இராசரத்தினம் மறுபடி தொடங்கினார். லொறிக்குள் இன்னும் பாதிக் கொங்கிறீற்று கிடந்தது. முன்பக்க முற்றத்துக்காவது கொட்டுங்கோ என்றார். கெஞ்சினார், ஏசினார், வேலையைக் குழப்புகிறார்கள் என்று பொலிசுக்குப் போன் எடுத்தார்.

பிறிஜெற் தாச்சியைக் கழுவி, ஒழுங்கைச் சுவரோரம் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள். அடுத்தவன் தன்னுடையதைக் கவிழ்த்தான். அதற்கடுத்தவளும். வீட்டு வாசலிலிருந்து மாதா சுரூபம் வரைக்கும் தாச்சிகள் கவிழ்ந்தன. முட்டுக்கால் முழுவதும் திரும்பி வந்து நிற்கும் வரைக்கும், விபத்து இங்கேதான் நடந்தது என்று இராசரத்தினம் பொலிசுக்கு முன்னால் ஒப்புக்கொள்ளும் வரைக்கும், ஒரு தாச்சியும் நிமிராது என்று அவள் உரத்துச் சொன்னாள்.

முடக்கில் உருளை மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. சமிந்தவின் போன் விடாமல் அடித்தது. எடுத்தான். மறுபுறம் யாரோ கத்துவது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அவன் "ஹரி சேர், ஹரி சேர்" என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு வைத்தான். அவனுக்கும் கம்பஹாவில் ஒரு குடும்பம் இருந்தது.

"தண்ணி விட்டுச் சுழட்டு!" சிவபாதசுந்தரம் ஓடிவந்தார். "உள்ளுக்க இறுகிப் போகும். உன்ர வேலை போகும், விளங்குதா?"

"தெரியும் மாத்தயா."

சமிந்த லொறியில் ஏறினான். என்ஜின் திறப்பைத் திருப்பி அணைத்தான். உருளை ஒரு முறை தயங்கி, நின்றது. ஒழுங்கையில் அதுவரை இருந்த இரைச்சல் அடங்கி, தூரத்தில் பொலிஸ் ஜீப்பின் ஹோன் கேட்டது. யாரும் எழும்பவில்லை.

அவன் இறங்கி, பீலியின் கீழே கிடந்த தாச்சியை எடுத்து, ஒட்டியிருந்ததைக் கையால் வழித்தெறிந்தான். வரிசையின் முடிவில் இடம் பார்த்தான். அங்கே சாக்கடைக் காணில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

பிறிஜெற் தன் தாச்சியைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.