பி-பதினாறும் ஒன்பது பவுண்டு மீனும்

ஆர்லின் சாகப்போகிறான் என்று முடிவு செய்தது டாக்டர் அல்ல, ஆர்லின்தான்.

அவன் கழுத்தின் இடப்பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, டான்சிலில் தொடங்கிய புற்றுநோய் என்றார்கள். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, அது வந்தால்தான் இது எந்த வகை, எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று தெரியும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். ஆர்லின் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. அவனுடைய அப்பா தொண்டைப் புற்றில் போனவர். அவனைப் பொறுத்தவரை சோதனை நாற்பது வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்த வாரம் முழுவதும் அவன் வீட்டுச் சாமான்களின் மேல் காகித டேப் ஒட்டி, அவனுக்குப் பிறகு யாருக்கு எது என்று பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். பனி தள்ளும் இயந்திரம் பக்கத்து வீட்டுக்கு. துளைபோடும் கருவி எனக்கு. காபிப் பாத்திரத்தின் அடியில் ‘லூத்தரன் சபை’ என்று இருந்தது.

“அதுல இன்னும் காபி இருக்கு ஆர்லின்” என்றாள் மார்லிஸ். அவன் மனைவி, என் அக்கா.

“அவசரமில்ல. அப்புறம் வந்து எடுத்துப்பாங்க.”

புதன்கிழமை மதியம் நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்குப் போனோம். உறைந்த ஏரியின் மேல் எங்கள் பலகைக் குடில் நிற்கிறது. உள்ளே ஒரு சின்ன அடுப்பு, இரண்டு வாளிகள், பனியில் இரண்டு ஓட்டைகள். முப்பத்தெட்டு குளிர்காலமாக அந்த வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து ஓட்டைகளைப் பார்த்திருக்கிறோம். பேசியது குறைவு. எனக்கு அது பிடிக்கும். ஒருவனோடு பேசாமல் இருக்க முடிகிறது என்றால், அவனைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் ஆனது. தூண்டில் அசையவில்லை. ஆர்லின் இருமினான்.

“டெல்மர்.”

“ம்.”

“தொண்ணூத்திரண்டு போட்டி ஞாபகம் இருக்கா?”

மறக்க முடியுமா? ஊரே பனியில் கூடும் மீன்பிடிப் போட்டி. பன்னிரண்டு மணிக்குத் துப்பாக்கி சுட்டதும் தூண்டில் போட வேண்டும், மூன்று மணிக்கு நிறுத்த வேண்டும். நான் எட்டே முக்கால் பவுண்டில் ஒரு வால்ஐ மீன் பிடித்தேன். என் வாழ்க்கையின் மீன் அது. தராசில் அதை வைத்து நான் இறங்குவதற்குள் ஆர்லின் ஒன்பது பவுண்டு மீனோடு வந்தான். முதல் பரிசாக அவனுக்குப் படகு மோட்டார். எனக்கு உறைந்த பன்றித்தொடை ஒன்று.

“அந்த மீன் முதல் நாளே பிடிச்சது” என்றான் ஆர்லின்.

நான் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“குளியல் தொட்டியில விட்டு வெச்சிருந்தேன். காலையில மூடி போட்ட வாளியில கொண்டுவந்து, ஓட்டைக்குள்ள விட்டுத் திரும்பத் தூக்கினேன். சாகறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு தோணுச்சு.”

எனக்கு மீன் பெரிதாகப் படவில்லை. வேறொன்று மெல்ல மேலே வந்தது. போட்டி நடந்த அந்தச் சனிக்கிழமை காலையில் அக்கா துண்டும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள், தண்ணீர்க்குழாய் உறைந்துவிட்டது, குளித்துவிட்டுப் போகிறேன் என்று. நான் அவளுக்காகக் கொதிகலனைக் கூட்டி வைத்தேன். சோப்பு எடுத்துக் கொடுத்தேன்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தொட்டியில மீன் இருந்தா தெரியாம இருக்குமா?”

“என் வீட்டு வெந்நீர்ல குளிச்சுட்டு என்னையே தோக்கடிச்சிருக்கீங்க.”

“நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல.”

சாகப்போகிறவனிடம் என்ன சொல்வது? கோபம் மார்பு வரை வந்து, போக இடம் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. “பரவாயில்ல மச்சான்” என்றேன். அப்படிச் சொன்னதற்காக அவன் மேல் இன்னும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு இருட்டும்வரை இருந்தோம். அந்த மௌனம் எங்கள் பழைய மௌனம் இல்லை.

வெள்ளிக்கிழமை அவனையும் அக்காவையும் டுலூத் நகர மருத்துவமனைக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். எழுபது மைல். ஆர்லின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான். டாக்டர் லாரோக் அறைக்குள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். ஆர்லின் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

“நல்ல சேதி” என்றார் டாக்டர். “பி-பதினாறுன்னு ஒரு புரதம். உங்க கட்டி முழுக்க அது நிறைய இருக்கு.”

“நிறைய இருந்தா நல்லதா?” என்றாள் அக்கா.

“உங்க விஷயத்துல நல்லது. இது ஒரு வைரஸால வந்த புத்துன்னு அது காட்டிக் கொடுக்குது. அந்த வகை சிகிச்சைக்கு நல்லாக் கட்டுப்படும்.”

“வைரஸா? எங்கேருந்து வந்துச்சு?”

“வாலிபத்துல எப்பவோ வந்திருக்கும். பாதிக்கு மேல ஜனங்களுக்கு வந்துட்டுப் போறதுதான். யார்கிட்டேருந்துன்னு யாராலும் சொல்ல முடியாது.”

ஆர்லின் கூரையில் இருந்த விளக்கை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தான்.

“பொழைச்சுப்பாரா?” என்று அக்கா கேட்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

“இந்த மாதிரி நூறு பேரைச் சேர்த்தா, அஞ்சு வருஷம் கழிச்சு எம்பத்தஞ்சு பேருக்கு மேல உயிரோட இருப்பாங்க. ஆனா ஒரு கேள்வி. புகைபிடிச்சிருந்தா அந்தக் கணக்கு இறங்கிடும். புகைபிடிச்சிருக்கீங்களா?”

“இல்ல” என்றான் ஆர்லின்.

“ஒரு சிகரெட்கூட இல்ல டாக்டர். அந்த ஒரு விஷயத்துலதான் இவரை நான் நம்பி இருக்கேன்” என்றாள் அக்கா.

நான் என் பூட்ஸைப் பார்த்தேன். குடிலில் அவன் இருபது குளிர்காலம் ஊதியிருக்கிறான். வீட்டுக்குப் போகும்முன் ஒவ்வொரு முறையும் அடுப்புக் கதவைத் திறந்து புகையில் நிற்பான், நாற்றம் மாறுவதற்காக. இப்போது நான் வாயைத் திறந்தால் அது டாக்டருக்காகவா, அந்த மீனுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

“பிடிச்சிருக்கான்” என்றேன்.

அக்கா திரும்பினாள், மெதுவாக, உடம்பு முழுவதையும் சேர்த்து.

“எப்படா?”

“குடில்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நானும்தான் அக்கா.”

டாக்டர் பேனாவை எடுத்தார். “தினமும் ஒரு பாக்கெட்னு ஒரு வருஷம் பிடிச்சா அதை ஒண்ணுன்னு வெச்சுப்போம். பத்தைத் தாண்டினாத்தான் பயம். ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“அரை பாக்கெட்” என்றான் ஆர்லின். அவன் முகம் காகித டேப் நிறத்தில் இருந்தது.

“எத்தனை வருஷம்?”

“இருபது.”

டாக்டரின் முகம் கொஞ்சம் வாடியது. “அப்போ சரியாப் பத்து.”

“தினமும் இல்ல டாக்டர்” என்று நான் குறுக்கிட்டேன். “சனி, ஞாயிறு மட்டும்.”

“சரி, வாரத்துக்கு ரெண்டு நாள்.”

“அதுவும் ஏரி உறைஞ்சிருக்கும்போது மட்டும்தான். மார்ச் வந்தா குடிலை இழுத்துட்டு வந்துடுவோம். கரையில பிடிச்சா அக்கா பார்த்துடுவா.”

“பதிமூணு வாரம்” என்றான் ஆர்லின், கையைத் தூக்கி. “சில வருஷம் பன்னெண்டு. தொண்ணூத்தெட்டுல ஐஸ் லேட்டு.”

டாக்டர் எழுதினார், பெருக்கினார், வகுத்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் காகிதத்தின் மேல் குனிந்து நின்றோம். போட்டியன்று தராசு முள்ளையும் இப்படித்தான் பார்த்து நின்றோம்.

“இருநூத்தி அறுபது பாக்கெட். ஒரு வருஷக் கணக்குகூட ஆகலை. எப்ப விட்டீங்க?”

“லைட்டர் ஐஸ் ஓட்டைக்குள்ள விழுந்த அன்னிக்கு. இன்னொண்ணு வாங்கினா வீட்டுல கேள்வி வரும்.”

“உங்க எண்ணிக்கை மாறாது ஐயா. எம்பத்தஞ்சு அப்படியே இருக்கு.”

அக்கா அழுதாள். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கோட்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு அதே கோட்டுக் காலரைப் பிடித்து உலுக்கினாள்.

“இருபது வருஷமா உன் சட்டையைத் துவைச்சுட்டு, அடுப்பு வாடைன்னு நம்பிட்டு இருந்தேன்டா, பாவி!”

“சாகறதுக்கு முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன்.”

“இப்பத்தான் சாகலையே! இனிமே எப்படி இருக்கப்போற என்கூட?”

இன்னும் சில மாதம்தான் என்ற கணக்கில் தன் பாவங்களைச் சொல்லத் தொடங்கியவன் அவன். இப்போது வருடக்கணக்கில் அவற்றோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து என்றார் டாக்டர். தினமும் யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று கேட்டார்.

“திருட்டுத்தனமா புகை பிடிக்கத் தெரிஞ்சவருக்கு பஸ் பிடிக்கத் தெரியாதா?” என்றாள் அக்கா.

“நான் ஓட்டறேன்” என்றேன்.

ஆர்லின் என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “மன்னிச்சுட்டியா மச்சான்?”

புதன்கிழமை மார்பில் உட்கார்ந்த அந்தக் கோபம் எழுந்து, முதுகை நிமிர்த்தி, தாராளமாகக் கால் நீட்டியது. இனி அதற்கு இடம் இருந்தது.

“பேசாதே” என்றேன். “இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

சிகிச்சை தொடங்கிய திங்கட்கிழமை விடியும்முன் அவன் வாசலில் போய் ஹாரன் அடித்தேன். வந்து ஏறினான். போக எழுபது மைல், திரும்ப எழுபது மைல், முப்பத்தைந்து நாள். அவனோடு நான் பேசாமல் இருந்து தீர்க்க வேண்டியதற்கெல்லாம் அது போதுமா என்று கவலையாக இருந்தது.