லூர்த்தம்மாவிடம் விட்டுப்போன குரல்

“குரலையும் கொண்டோ போகப்போறாய்?” என்று 1957ஆம் ஆண்டு, கொழும்பு ரயில் ஏறப்போகும் காலையில், லூர்த்தம்மா தன் சிநேகிதி பெர்னடெட்டைக் கேட்டாள். பெர்னடெட் இல்லையென்று தலையசைத்து, குரலைக் கழற்றி லூர்த்தம்மாவிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். யாழ்ப்பாணக் கடற்கரையான குருநகரில் வெளியூர் போகிறவர்கள் நகையை நம்பிக்கையான வீட்டில் விட்டுப்போவது வழக்கம் என்பதால் இதில் எவரும் புதுமை காணவில்லை. அந்தக் குரல் பெரியது. பெர்னடெட் இறங்குதுறையில் நின்று தகப்பனைக் கூப்பிட்டால், தண்ணீருக்கு அப்பால் மண்டைதீவில் படுத்திருக்கும் நாய்கள் எழும்பும். பெரிய வெள்ளியன்று கோயிலில் மாதாவின் புலம்பலை அவள் பாடினால் வட்டிக்காரர்கள்கூட அழுவார்கள். அழுது முடித்துவிட்டு வட்டிக்கு ஆள் அனுப்புவார்கள். ஆனால் அவளைக் கட்டிய சூசைதாசன் கொழும்பில் கந்தோர்க் கிளாக்கர். தோணிகளைக் கூப்பிடும் தொண்டை தங்கள் வீட்டு விறாந்தைக்கு ஆகாது என்று அவன் தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். பெர்னடெட்டுக்கும் அது நியாயமாகவே பட்டது. கல்யாணம் பேசிய நாளிலிருந்தே அவள் மீன் மணத்துக்கு மூக்கைப் பொத்தப் பழகியிருந்தாள்.

அடுத்தவள் நகையை வைத்திருப்பதுபோலவே லூர்த்தம்மா அந்தக் குரலை வைத்திருந்தாள். முதல் வருடம் தொடவில்லை. அடுத்த வருடம் யாகப்பர் திருநாளுக்கு மட்டும் போட்டாள். பிறகு கல்யாண வீடுகளுக்கு, பிறகு தினமும் மீன் சந்தைக்கு. பக்கத்து வீட்டு மார்கிரட் இரவல் கேட்டபோது, தன்னுடையதைக் கொடுப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தாள். மார்கிரட் அதை வைத்துக் கொழுந்தனோடு நடந்த வேலிச் சண்டையில் வென்றாள். புதிதாக வந்த சுவாமியார் இது ஆண்டவர் தந்த வரம் என்று பிரசங்கத்தில் புகழ்ந்தபோது லூர்த்தம்மா தலையைக் குனிந்தாள். அடக்கம் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படியே நினைத்தாள். கொழும்பில் பெர்னடெட் மூச்சால் கதைத்துக் குடித்தனம் நடத்தினாள். மாமியார் அதை நாகரிகம் என்றாள்.

1979இல் சூசைதாசன் செத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெர்னடெட்டின் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கடற்கரைச் சனத்துக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று அதே மாமியார் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். புருஷனுக்காக ஒருதரம் வாய்விட்டு அழவேண்டும், அதற்குக் குரல் வேண்டும் என்று பெர்னடெட் ஒரு பிஸ்கற் தகரப் பேணியையும் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தாள். சிநேகிதிகள் கட்டிப்பிடித்தார்கள். பிடித்த கையாலேயே சேலைக் கரையைத் தடவிப் பார்த்தார்கள்.

“எடி, வெள்ளைச் சீலையிலும் என்ன மினுக்கம்,” என்றாள் மார்கிரட். “கொழும்பிலை தாலி அறுத்தாலும் ஒரு ஸ்டைல்தான் போலை.”

பெர்னடெட் மூச்சால் தன் குரலைத் திருப்பிக் கேட்டாள்.

“எந்தக் குரல்?” என்று லூர்த்தம்மா பெர்னடெட்டின் குரலிலேயே கேட்டாள்.

“உனக்கு வெக்கமாயிருந்த சாமான்தானேயடி,” என்றாள் மார்கிரட். “நாங்களெல்லோ அதைக் கறள் பிடிக்காமல் பாத்தனாங்கள்.”

“நாளைக்குப் பெரிய வெள்ளி,” என்றாள் லூர்த்தம்மா. “நான் பாடாட்டிச் சுவாமி என்ன நினைப்பார்? முடியட்டும், பாப்பம்.”

பெர்னடெட் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மகனைப் பறிகொடுத்த மாதாவுக்காகத் தன் குரல் அழுவதைக் கேட்டாள். புலம்பலின் நடுவே அது மீன் சந்தைப் பழக்கதோஷத்தில் “ஒரு கூறு பாரை, ஒரே விலை” என்று கூவியது. சனம் அதற்கும் சேர்த்து அழுதது. அது என்ரை குரல் என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெர்னடெட் மூச்சால் சொன்னாள்.

“சத்தம் போடாதையுங்கோ,” என்றாள் அவள். “லூர்த்தம்மாக்கா பாடுறா.”

சனிக்கிழமை காலை லூர்த்தம்மா தாராள மனதோடு ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மார்கிரட்டின் பழைய குரல் கிடந்தது. இரவல் குரல் பழகியபின், லூர்த்தம்மாவின் பழையதை வாங்கிக்கொண்டு அவள் கழற்றிப் போட்டது; கரப்பான் அரித்திருந்தது.

“இதைக் கொண்டு போ,” என்றாள் லூர்த்தம்மா. “ஒரு செத்தவீட்டுக்கு இது காணும்.”

பெர்னடெட் எட்டிப் பார்த்தாள். சட்டிக்குள்ளிருந்து அது இருமியது. மார்கிரட் பேணியைத் திறந்து கிறீம் பிஸ்கற்றுகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கொழும்புக்குப் போனவளவை இப்பிடித்தான்,” என்றது லூர்த்தம்மாவின் வாயிலிருந்து பெர்னடெட்டின் குரல். “பெருமையிலை வாய் திறக்க மாட்டாளவை.”

பெர்னடெட் செருப்பை மாட்டிக்கொண்டு, படலையைத் திறந்து, சட்டியைத் தொடாமல் போனாள்.