சுவிட்சில் தொங்கிய துண்டு

1

இந்தக் கதை என்னுடைய விருப்பத்தில் பிறந்ததல்ல. 2003 பெப்ரவரியில், ஏழு பேரோடு பூமிக்குத் திரும்பிய விண்கலம் வானத்திலேயே உடைந்தது. மறுவாரம் பதுளைக் கத்தோலிக்கக் கோவிலில் அவர்களுக்காகச் செபித்தோம். பூசை முடிந்ததும், கோவில் இதழான பங்கு மலரின் ஆசிரியர், "மனுசத் தவறால இப்படி உசுரு போகாம இருக்க என்ன வழின்னு ஒரு கதை எழுதித் தாங்க" என்றார். விடைத்தாள் திருத்திக் களைத்திருந்தேன். மறுக்கத் தெம்பில்லை.

2

முதல் தொடக்கம்: விண்கலத்தை மூடிய பிறகு, பொறியாளர் நிருபனின் சட்டைப்பையில் ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது. ஏவ இன்னும் ஆறு மணி நேரம். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்...

(விட்டுவிட்டேன். அவன் சொல்வானா என்று எனக்கே தெரியவில்லை. நான் ஏவுதளத்தைக் கண்டதில்லை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டிருக்கிறேன்.)

3

அங்கே, இலை உருட்டும் மெசினுக்குள் பழுதுபார்க்க இறங்குகிறவர் தன் துண்டைச் சுவிட்சில் கட்டிவிட்டு இறங்குவார். துண்டு தொங்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை.

கூட்டிப் பெருக்கும் நேசராணி வேலைக்கு வந்து நான்கு நாள்தான். அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய துண்டைக் கண்டு, பாவம், யாரோ மறந்துவிட்டார் என்று அலசிக் கொடுக்க எடுத்துப்போனாள். மெசின்காரர் மரியநாயகம் வந்து பார்த்தார். துண்டு இல்லை. சுவிட்சைப் போட்டார்.

உள்ளே பழுதுபார்த்துக்கொண்டிருந்த சஜீவனுக்கு இரண்டு விரல்கள் போயின. [முதல் பிரதியில் அவன் இறந்துபோனான். மனம் கேட்கவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன்.]

4

சஜீவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகு, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் பத்மநாதன் தன் அறையில் விசாரித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"கட்டினதெண்டு சஜீவன் சொல்லுறான். துண்டு கால் முளைச்சு நடந்து போட்டுதோ?"

"சத்தியமா இல்லைங்க ஐயா. இருந்தா தொடுவேனா?" என்றார் மரியநாயகம்.

"நாளையிலயிருந்து நீர் வரவேண்டாம்."

வாசலில் நேசராணி ஈரத்துண்டோடு நின்றாள். பின்னால் ஓடை. எறிந்தால் ஒருவருக்கும் தெரியாது. மரியநாயகம் தன் சாவிக்கொத்தை மேசையில் வைப்பதைப் பார்த்தாள்.

"ஐயா, துண்ட எடுத்தது நாந்தாங்க. அழுக்கா இருந்துச்சு, அலசலாம்னு..."

5

பத்மநாதனுக்கு இரண்டு பதில்கள் எழுதினேன். ஒன்றில் அவளை வேலையிலிருந்து நிறுத்துகிறார். மற்றதில், "சொன்னது நல்லதாப் போச்சு, பிள்ளை. வேலையில இரும்" என்று, அந்தச் சுவிட்சுக்கு ஒரு பூட்டு வாங்கிவரச் சொல்கிறார். எனக்கு எது பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் நான் இல்லை. வீட்டிலோ வேலையிலோ என்றாவது நீங்கள் இருப்பீர்கள்.

துண்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பதிலைச் சற்று உரக்கச் சொல்லுங்கள். அறைக்கு வெளியே, கைவிட்ட தொடக்கத்திலிருந்து வந்த நிருபன், திருகாணியைப் பொத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறான்.