போர்டு அறிக்கை

என் மனைவி ஒரு குடியிருப்போர் சங்கத்தில் பதினொரு வருடமாக எழுத்தர். நான் தச்சன். எங்கள் இரண்டு பேர் தொழிலுக்கும் பொதுவான சொல் ஒன்றே ஒன்றுதான்: போர்டு. எனக்கு அது மரம். கடையில் போய் ரெண்டு போர்டு கேட்டால் பலகையை இறக்குவார்கள். அவளுக்கு அது மேசையைச் சுற்றி உட்காரும் ஐந்து பேர். பலகையில் தொடங்கி, மேசையாகி, கடைசியில் அங்கே உட்கார்ந்து வெட்டிக்கதை பேசுகிறவர்களுக்கும் அதே பேராகிவிட்டது. மரத்துக்குத்தான் மரியாதை கெட்டது.

அந்த ஐவரின் தலைவருக்கு ஒரு மருமகன், வேலைவெட்டி இல்லாதவன். என் மனைவியை நிறுத்திவிட்டு அவனை அந்த நாற்காலியில் உட்காரவைக்கப் போர்டு முடிவெடுத்தது. ஞாயிறு பொதுக்கூட்டத்தில் கடைசி விஷயம் அதுதான். அதையும் அவளையே தட்டச்சு செய்யச் சொன்னார்கள். அவள் பிழையில்லாமல் தட்டச்சு செய்து வைத்தாள்.

அதே வாரம் சங்க வாசலில் தொங்கும் நோட்டீஸ் போர்டு தேறுமா என்று பார்த்து எழுதித் தரும்படி தலைவர் என்னிடம் சொல்லியனுப்பினார். எழுதினேன். சனிக்கிழமை காலை மனைவி அதை வாங்கிப் படித்தாள்.

"நோட்டீஸ்னு எதுக்குங்க? போர்டுன்னாலே எல்லாருக்கும் தெரியும். அடிச்சிடுங்க."

அந்த ஒரு வார்த்தையை அடித்துக் கொடுத்தேன்.

ஞாயிறன்று கூடம் நிறைந்திருந்தது. கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்யும் சாக்கில் நானும் பின்னால் நின்றேன். "அடுத்தது போர்டு பத்தின அறிக்கை" என்றார் தலைவர். தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்திருந்த புகழ்மாலையைக் கேட்க வசதியாகச் சாய்ந்துகொண்டார். மனைவி எழுந்து நிதானமாகப் படித்தாள்.

"போர்டை நேரில் பரிசோதித்தேன். வெளியே பாலிஷ் பளபளக்கிறது, உள்ளே முழுக்கக் கரையான். நடுப்பகுதிதான் அதிகமாக உப்பியிருக்கிறது. தட்டினால் வெறும் சத்தம்தான் வருகிறது. இனி பூசி மெழுகிப் பயனில்லை. மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடவும்."

ஐவரில் நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"யாரும்மா எழுதினது இது?" என்றார் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"இந்தத் துறையில இருபது வருஷ அனுபவம் உள்ளவர் சார். வெளியாளு. தட்டிப் பாத்துட்டுதான் எழுதியிருக்காரு."

"கரெக்டாத்தான் எழுதியிருக்காரு. நாம இத்தனை வருஷமா வெளியே சொல்லல, அவ்வளவுதான்."

கூடம் சிரித்தது. தலைவர் ஏதோ சொல்ல எழுந்தார், காதில் வாங்க ஆளில்லை. "அப்ப கழட்டிடலாம்" என்று வாத்தியார் கை தூக்கினார். பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. பழைய போர்டு கலைந்தது, வாத்தியாரைத் தலைவராக வைத்துப் புதிய போர்டு அமைந்தது. கடைசி விஷயத்தை எடுத்துவைக்க ஆளே இல்லாமல் கூட்டம் முடிந்தது. மருமகன் நாற்காலிகளை அடுக்க உதவினான், பாவம்.

வாசலில் அந்த நோட்டீஸ் போர்டு இன்னும் கரையானோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"காகிதத்தை மாத்தி எடுத்துட்டியே, கொஞ்சமாவது பாக்க வேணாமா? கூட்டம் வேற மாதிரி திரும்பியிருந்தா உன் வேலை அங்கேயே போயிருக்கும்."

அவள் கைப்பையின் வாயை மூடினாள்.

"காகிதம் சரிதாங்க. ஒரு வார்த்தைதான் இடிச்சுது. அதைத்தான் நேத்தே அடிக்கச் சொல்லிட்டேனே."