பட்டி பார்த்த பம்பு மூடி

இந்தக் காலத்தில் எவனும் கண்ணால் பார்த்து எதையும் நம்புவதில்லை. முத்திரை குத்திய காகிதத்தை நீட்டினால்தான் பல்லைக் காட்டுகிறான். வார்ப்படப் பட்டறைக்காரர் இதை நாலாவது தடவையாகச் சொன்னார். அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்து வரவேற்பறையில் கேட்க ஆளில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைத் தவிர.

"மெதுவா பேசுப்பா. உதவி கேட்டு வந்திருக்கோம்."

"ஏசி ரூம்ல உக்காந்திருக்கவங்க எனக்கு இரும்பு உருக்கச் சொல்லித் தரப் போறாங்களாக்கும்."

ஆறு மாதமாக அவர் வார்க்கும் பம்பு மூடிகள் ஒழுகின. பம்பு கம்பெனி இரண்டு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவதும் ஒழுகினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லியும் விட்டது. பட்டறைக்கு இருந்ததே அந்த ஒரு வாடிக்கைதான்.

ஒழுகும் மூடி ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று ஆராய்ச்சிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். குப்பையைக் காட்டி மானத்தை வாங்கிக்கொள்ளவா முப்பது வருஷம் உலை முன்னால் வெந்தார்? இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பச்சைப் பெயிண்டும் அடித்துக் கொண்டுவந்திருந்தார்.

உலோகப் பிரிவு அதிகாரி சின்ன வயதுப் பெண். மூடியை எக்ஸ்ரே எடுத்தார். படத்தைப் பார்த்தார். அப்புறம் பெரியவரைப் பார்த்தார்.

"ஐயா, டாக்டர்கிட்ட போறப்போ புண்ணு மேல பவுடர் போட்டுட்டுப் போவீங்களா?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள்.

"பட்டி எல்லாப் பட்டறையிலயும் வைக்கிறதுதாம்மா."

"வைக்கட்டும். இது உள்ள பூரா ஊசித் துளை. அச்சு மணல்ல ஈரம் கூடுனா ஆவி கிளம்பி இப்படித்தான் ஆகும். தண்ணி எப்படி அளக்குறீங்க?"

"கையாலதான். மணலைப் பிடிச்சா பிடி நிக்கணும். நிக்கிற வரைக்கும் ஊத்துவேன்."

"மணல் எடுக்கிற இடத்தை மாத்துனீங்களா?"

பெரியவர் சுவரைப் பார்த்தார்.

"மாத்தி ஆறு மாசமாச்சு," மகள் போட்டுக்கொடுத்தாள்.

"அதான். புது மணல்ல களிமண்ணு கம்மியா இருக்கும். பிடி நிக்காது, நீங்களும் ஊத்திக்கிட்டே இருப்பீங்க. களிமண் சேத்துட்டுத் தண்ணியைக் குறைங்க."

மறுநாள் அதிகாரியே தராசோடு பட்டறைக்கு வந்து நின்றார். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க, அளந்த களியும் அளந்த தண்ணியுமாக மணல் பிசைந்து இருபது மூடி வார்த்தார்கள். ஆறிய பிறகு ஒவ்வொன்றிலும் தண்ணீரை அழுத்தி ஏற்றினார்கள். மகள் அடியில் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். இருபதும் காய்ந்து கிடந்தன. மூன்றாவது லோடு தப்பித்தது.

"இப்பவாவது ஒத்துக்கோப்பா."

"ரெண்டு நாளா வெயிலு என்னமா அடிக்குது. மணல் தானா காஞ்சிருக்கும்."

"அப்போ அந்தக் களிமண்ணு?"

"அது கிடக்கட்டும். கெடுதல் ஒண்ணும் பண்ணலையே," என்று சொல்லிவிட்டு, அதிகாரியைப் பார்த்து ஒரு தலையாட்டலோடு தெருவில் இறங்கி டீக்கடைப் பக்கம் நடையைக் கட்டினார்.